கைதட்டலுக்குப் பின் பத்து நிமிடம்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிரஷர் ஓட்டுகிறவருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். டம்பர் லாரி வந்து கல்லைக் கொட்டும்போது எழும் தூசியில் எதுவும் தெரியாது. உள்ளே கல் ஒழுங்காக நொறுங்குகிறதா, பெரிய கல் ஏதாவது குறுக்கே மாட்டிக்கொண்டு இயந்திரம் திணறுகிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வேலையில் கொடுத்த காதடைப்பானை இளையபெருமாள் முப்பத்தொரு வருடம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அடைத்துக்கொண்டால் கிரஷர் என்ன சொல்கிறது என்று தெரியாது என்பது அவர் வாதம். வாதத்தில் தவறில்லை. காதும் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிகள் போயின. அரியலூருக்கு வெளியே இருந்த அந்தக் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் குருவிகளே இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். பிறகு குக்கர் விசில் போனது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள் ஒரு பெண். கடைசியில் அவள் ஒரு தாளைக் காட்டினாள். அதில் ஒரு கோடு பாதிவரை சமமாகப் போய், அதற்குமேல் கிணற்றுப் படி மாதிரி இறங்கியிருந்தது.

"மேல் சத்தம் எல்லாம் போயிருச்சு சார். பறவைங்க, சின்னப் பிள்ளைங்க பேச்சு, லேடீஸ் வாய்ஸ், அதெல்லாம் சிரமம். ஆனா கனத்த சத்தம், அடிச்சத்தம் உங்களுக்கு அருமையா இருக்கு."

காதருகே குனிந்து, நிறுத்தி நிறுத்தி, அருமையா இருக்கு என்று அவள் சொன்னது ஆறுதலுக்கு. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். காதுக்குள் வைக்கக் கொடுத்த கருவி கிய்யென்று கத்தியதால் ஒரு வாரத்தில் மேசை டிராயருக்குள் போய்விட்டது.

அவர் திருமானூர்க்காரர். மனைவி பரிமளாவுக்கு வாலிகண்டபுரம். மகள் சண்முகப்பிரியாவுக்குச் சென்னையில் வேலை. குழந்தை பிறந்ததும் மூன்று மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்று போன பரிமளா, மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறாள். யார் மேலும் குற்றமில்லை. ஒரு குழந்தை வளர்வதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது, அதற்காக இன்னொரு வீடு காலியானது, அவ்வளவுதான். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது.

பரிமளாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மெல்லிய, உச்சத்தில் நிற்கிற குரல். வயலுக்கு அந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கரைக்குக் கேட்கும். போனில் அந்தக் குரல் அவருக்குப் பஞ்சுக்குள் யாரோ பேசுவது போல வந்தது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை வைத்து "ம்ம்", "ஆமா", "சரி" என்று குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை அவள் தன் சித்தி இறந்துபோன செய்தியைச் சொன்னபோது, "நல்லது, நல்லது" என்றார். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் கூப்பிடவில்லை. காது மந்தம் என்று அவளுக்குத் தெரியும். தன் குரல்தான் அவரிடமிருந்து போய்விட்டது என்று தெரியாது. அவர் சொல்லவுமில்லை. சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தப் பரிசோதனைக்குப் பிறகு, பாட்டு கேட்பதையும் விட்டுவிட்டார். தெரிந்த பாட்டுகள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து பகலில் படுத்திருந்தபோது, போன் தன்பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எதையோ ஓட்டிக்கொண்டிருந்தது. மாற்றலாகிப் போன என்ஜினியர் ஒருவரிடமிருந்து வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அதிலிருந்து தரையோடு தரையாக ஒரு சத்தம் வந்தது. ஏதோ ஊது கருவி. அது இவ்வளவு கீழே பேசும் என்று அவருக்குத் தெரியாது. அதற்கும் கீழே கம்பிகள் மெல்ல உறுமின. கண்ணைத் திறக்காமல் கேட்டார். இந்தச் சத்தத்தில் எதுவும் குறையவில்லை என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக முழுசாக ஒன்று அவர் காதுக்குள் வந்திருக்கிறது.

நடுவில் எத்தனையோ இடங்களில் அது அவருக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறைந்தது. அப்போதெல்லாம் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, ஆரம்பித்த அதே ஆழத்துக்கு அது திரும்பி வந்து, மூச்சு சன்னமாகி, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. எழுந்து உட்கார்ந்தார். சாப்பிடத் தோன்றவில்லை.

அது என்னவென்று தெரிந்துகொள்ள நாலு மாதம் ஆனது. போனில் படித்தார், புரியாததை மொழிபெயர்த்துப் பார்த்தார், ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டார். நூற்று முப்பது வருடத்துக்கு முன் ஒரு ருஷ்யர் எழுதிய சிம்பொனி. அவர் எழுதிய ஆறாவது. இதற்குள் ஒரு கதை இருக்கிறது, ஆனால் அதை யாருக்கும் சொல்லமாட்டேன், அவரவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று எழுதியவர் சொல்லியிருந்தார். முதல்முறை அவரே முன்னால் நின்று வாசிக்கச் செய்தார். கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஆனால் குழம்பிப்போனார்கள். சிம்பொனி என்றால் ஆரவாரமாக முடிய வேண்டும், இது ஏன் அழுது ஓய்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். அந்த முதல் கச்சேரியிலிருந்து மூன்று வாரத்தில் அதே ஊரில் இன்னொருவர் அதை வாசிக்க வைத்தார். இம்முறை கூட்டம் கண்ணீர் விட்டது. தன் சாவைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார்கள்.

இளையபெருமாள் இந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் யோசித்தார். இரண்டு முறையும் ஒரே ஸ்வரங்கள்தான். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. முதல் கூட்டம் கேட்டது இசையை, அது அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் கூட்டத்துக்குப் புரிந்தது, ஆனால் அவர்கள் கேட்டது இசையையா, சாவுச் செய்தியையா? தான் ஒன்றும் தெரியாமல் கட்டிலில் படுத்துக் கேட்டது முதல் கூட்டத்தோடு சேரும். ஆனால் தனக்குப் புரிந்ததே, அது எப்படி? இதை யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க யாருமில்லை.

பெரம்பலூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். பன்னிரண்டு வருடமாக அதற்கு அவர் போய்வந்தார். முன்னாலேயே போய் நாற்காலி போடுவார், முடிந்ததும் அடுக்கிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்புவார். ஒருமுறை கூடப் பேசியதில்லை. தலைவர் முத்தமிழ்செல்வன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரிடம் போய், அடுத்த மாதம் தான் பேசலாமா என்று கேட்டார்.

"நீங்களாய்யா? பன்னெண்டு வருஷமா நாற்காலியத்தான பேச வச்சுக்கிட்டு இருந்தீங்க!"

"ஒரு இசையைப் பத்திங்க ஐயா. பத்து நிமிஷம் பேசுறேன், மிச்சம் போட்டுக் காட்டுறேன். முக்கா மணி நேரம்."

தலைவருக்கு இழுவையாகத் தோன்றியது. விவரம் கேட்டார். ஒன்பதாம் நாள் சாவு என்றதும் முகம் மலர்ந்தது.

"இதச் சொல்லுங்க முதல்ல! செத்தத முன்னாடி சொன்னாத்தான்யா ஜனம் உருகும். நோட்டீஸ்லயே போட்டுருவோம்."

"அதனாலதாங்க வேணாம்னு பாக்குறேன். தெரியாம கேக்கட்டும். கேட்டு முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்."

"தெரியாம எதுக்குக் கேக்கணும்?"

இளையபெருமாளுக்கு அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதை வாக்கியமாக்கத் தெரியவில்லை. தனக்கு வந்தது போலவே இன்னொருவருக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒருவருக்கு வந்தால் போதும். வந்தால், அந்த மத்தியானம் தனக்கு நேர்ந்தது வெறும் காதுக்கோளாறு இல்லை என்றாகும். இதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது? "சும்மாத்தாங்க" என்றார்.

ஒலிபெருக்கிக்குச் சிறுவாச்சூர் தங்கசாமி வந்திருந்தார். கோயில் விசேஷத்துக்கெல்லாம் மைக் செட் போடுகிறவர். "கவலய வுடுங்கண்ணே. கூம்பு வேணாம், பெரிய பாக்ஸ் ரெண்டு போட்டுருக்கேன். அடி சும்மா தரையில இறங்கும்" என்றார். அது ஒன்றுதான் இளையபெருமாள் கேட்டிருந்தது. பென் டிரைவில் நான்கு பகுதிகளையும் நான்கு கோப்புகளாக வைத்திருந்தார்.

இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அந்த வட்டத்துக்கு அது நல்ல கூட்டம். அவர் நோட்டைப் பார்த்து ஏழே நிமிடத்தில் பேசி முடித்தார். ருஷ்ய நாடு, எழுதிய வருடம், எத்தனை கருவிகள் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. பேச்சு நன்றாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. தலையை நிமிர்த்தாமல் வாசித்தார்.

முதல் பகுதியில் இரண்டு பேர் போன் பார்த்தார்கள். திடீரென்று எல்லாக் கருவிகளும் சேர்ந்து இடித்த இடத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் இரண்டாவது பகுதி எதிர்பாராமல் பிடித்துப்போனது. அது ஐந்து எண்ணிக்கையில் நடக்கிற நடனம். அந்தக் காலத்து மேலைநாட்டார் இது நொண்டுகிறது என்றார்களாம். இங்கே யாருக்கும் அது நொண்டியாகத் தெரியவில்லை. தலைவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "கண்ட நடை! நம்ம கண்ட நடைய்யா இது!" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். பின்வரிசையிலும் விரல்கள் ஆடின. இளையபெருமாள் அதைப் பார்த்தார். வந்துவிடுவார்கள், இன்னும் கொஞ்சம்தான் என்று இருந்தது.

மூன்றாவது பகுதி ஒரு படை நடை. முதலில் எங்கோ தூரத்தில் கிளம்பி, சுற்றிச் சுற்றி நெருங்கி, தாளமும் எக்காளமும் சேர, தேர் நிலைக்கு வந்து சேர்கிற நேரம் போல ஒரே ஆரவாரமாகி, நாலு பெரிய இடியோடு முடிந்தது.

கைதட்டல் எழுந்தது. சும்மா மரியாதைக் கைதட்டல் இல்லை. நாலைந்து பேர் எழுந்தே நின்றார்கள். தங்கசாமி விழாக்களில் பழகிய கை. கைதட்டல் கேட்டதும் ஒலியை முழுக்கக் குறைத்து மைக்கைத் திறந்துவிட்டார். தலைவர் மைக்கைப் பிடித்தார். "ஆகா! தோல்வியில தொடங்கி வெற்றியில முடியுது பாருங்க. தன்னம்பிக்கைன்னா இதுதான்!" பொன்னாடை வந்து இளையபெருமாள் தோளில் விழுந்தது.

இளையபெருமாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் முடியலைங்க. அவ்வளவு போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. கூச்சம் என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் பிறகு தன்னிடமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது: அவருக்கு அது பிடித்திருந்தது. ஐம்பத்தாறு வருடத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. இரண்டு கையும் சேர்ந்து அடிக்கிற சத்தம் அவர் காதுக்கு நன்றாகக் கேட்கிற சத்தம். அதில் ஒரு நிமிடம் நின்றார். அந்த ஒரு நிமிடம் போனதும் சொல்கிற நேரமும் போய்விட்டது.

அப்போதுதான் மேசை மேலிருந்த பிளேயரைப் பார்த்தார். தங்கசாமி அதை நிறுத்தியிருக்கவில்லை, ஒலியை மட்டும்தான் குறைத்திருந்தார். நான்காவது பகுதி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே வந்தன. நன்றியுரை நடந்தது. எண் நாலு நிமிடத்தைக் காட்டியது. தேநீரும் போண்டாவும் வந்தன. ஆறு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை, மிக மெதுவாக, ஒரு பெரிய வெண்கலத் தட்டு அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த எண் வந்தபோது யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பத்தைத் தாண்டியதும் எண்கள் நின்றன.

"ஏண்ணே, போண்டா எடுக்கலயா?" என்றார் தங்கசாமி.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு, பொன்னாடையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது விநாடி வீடியோ வந்தது: கைதட்டல், பொன்னாடை, அவர். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. "வெற்றி முழக்கம்", "எழுச்சி மிகு இசை". அவர் அதை மகளுக்கு அனுப்பினார். அந்த இசையை வைத்து ஊரையே ஏமாற்றிவிட்டது போல் இருந்தது. அதே சமயம் அந்தப் பொன்னாடையை யாராவது பார்க்கவும் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரிமளா வீடியோவில் வந்தாள். திரையில் அவள் வாய் வேகமாக அசைந்தது. பஞ்சுச் சத்தம்.

"ம்ம். ஆமா" என்றார்.

அவள் முகம் மாறியது. மறுபடி ஏதோ கேட்டாள். "சரி" என்றார். அவள் போனை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாயை அகட்டிக் கேட்டாள். அதில் 'திருட்டு முழி' என்பது மட்டும் உதட்டில் தெரிந்தது.

"என்ன?"

இன்னும் உரக்கக் கத்தினாள். கத்தக் கத்தக் குரல் மேலே ஏறியது. ஏற ஏற அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போனது. அப்போது அவர் சொன்னார்.

"பரிமளா, உன் குரல் எனக்குக் கேக்கலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல் சத்தம் எதுவும் கேக்காதாம். சும்மா ம்ம் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் வாய் மூடியது. பிறகு தொண்டையைச் செருமி, தாடையைக் கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஆம்பிளை வேஷம் கட்டியவள் மாதிரி அடிவயிற்றிலிருந்து பேசினாள்.

"இப்பக் கேக்குதாங்க?"

கேட்டது. யாரோ ஒரு பண்ணையார் பேசுவது போல இருந்தது, ஆனால் பரிமளா. அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பு மேலே போய்விட்டதால் அது கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது.

"அப்ப எங்க சித்தி செத்ததுக்கு நல்லது நல்லதுன்னது?"

"சத்தியமா கேக்கலடி."

"நான்கூட அந்தக் கெழவி மேல அவ்வளவு காண்டா இருந்தீங்களோன்னு நெனச்சேன்." பண்ணையார் குரலிலேயே சொன்னாள். "சரி, அத வுடுங்க. ஊரே கைதட்டுது, தோள்ல பொன்னாட. நீங்க ஏன் எதையோ தூக்கிட்டு ஓடி வந்தவன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அதத்தான் கேட்டேன்."

குழுவில் இருபத்து மூன்று பேர் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் அந்த முழி படவில்லை.

"அது முடியல" என்றார். "இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு தட்டிட்டாங்க. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நல்லாருந்துச்சு. தட்டுனது."

அவள் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "மிச்சம் எங்க இருக்கு?"

"இங்கதான். பொட்டியில."

"போடுங்க, நான் கேக்குறேன். என்னது, ஒப்பாரியா? யாராச்சும் செத்தாங்களா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "முதல்ல கேளு" என்றார்.

ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, அதன் முன்னால் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நான்காவது பகுதியைப் போட்டார். தொடக்கத்தில் மேலே வயலின்கள் ஏதோ சொல்லி அழும். அந்த இடம் அவருக்கு எப்போதுமே பாதிதான். பரிமளாவின் புருவம் சுருங்கியது. அவளுக்கு அது கேட்கிறது என்று தெரிந்தது. தனக்குக் கேட்காததை அவள் கேட்கிறாள். அவள் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இசை கீழே இறங்கத் தொடங்கியது. வெண்கலத் தட்டு ஒருமுறை அடித்து ஓய்ந்தது. பெரிய குழல்கள் நாலு வரி பேசி அடங்கின. தரை மட்டத்துக் கம்பிகள் மட்டும் மிஞ்சின. பரிமளா போனைத் தட்டிப் பார்த்தாள்.

"நின்னுருச்சா?" என்றாள், கனத்த குரலில்.

"இல்ல, ஓடுது."

"எனக்கு ஒண்ணும் வரலயே."

அவருக்குப் புரிந்தது. போன் மனிதப் பேச்சைக் கடத்தப் பழகிய கருவி. இவ்வளவு அடியில் இழைகிற சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி வழியிலேயே வடிகட்டிவிடுகிறது. அவருக்கு முழுசாகக் கேட்கிற இடம் அவளிடம் போய்ச் சேரவே சேராது.

"அது போன்ல வராது பரிமளா. வச்சிரு, நேர்ல வரும்போது போடுறேன்."

"உங்களுக்குக் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"அப்ப முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் போனைத் திருப்பிக் காதோடு அழுத்திக்கொண்டாள். திரை முழுக்க அவள் காது. ஓரத்தில் நரைத்த முடி கொஞ்சம். தோடு திரையில் உரசிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பேரப்பிள்ளை எதற்கோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரையின் மூலையில் அவள் கை எழுந்து, சும்மா இரு என்று ஆடியது.

பெட்டிக்குள் இசை சன்னமாகிக்கொண்டே போய் நின்றது. அவள் காது அசையவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்ல இளையபெருமாள் வாயைத் திறந்தார். உடனே சொல்லாமல், அவள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.